மறுபடியும் அதே பாறைக்கு

டேவிட்சன் கடல்மலைக்கு 2018 அக்டோபரில் போனவர்கள் ஆக்டோபஸைத் தேடிப் போகவில்லை. கலிபோர்னியாவின் மான்டரே கரைக்குத் தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, கடல்தரையிலிருந்து 2,280 மீட்டர் உயரம் எழும்பி நிற்கும் அணைந்துபோன எரிமலை அது. அவ்வளவு உயரம் இருந்தும் அதன் உச்சி கடல்மட்டத்துக்கு 1,250 மீட்டர் கீழேதான் இருக்கிறது. மேற்பகுதியில் பவளங்களும் கடற்பஞ்சுகளும் அடர்ந்து கிடப்பதை 2002, 2006 பயணங்களிலேயே பார்த்துவிட்டார்கள். தென்கிழக்கு அடிவாரத்தை மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை. அங்கேயும் பவளம் உண்டா என்று அறியத்தான் 'நாட்டிலஸ்' கப்பலிலிருந்து 'ஹெர்குலிஸ்' என்ற ரோபோவை இறக்கினார்கள்.

அன்றைய வேலை முடிகிற நேரம். ஆழம் சுமார் 3,200 மீட்டர். ஒரு சிறு மேட்டின் மேல் ஏறிய ஹெர்குலிஸின் கேமராவில் ஓர் ஆக்டோபஸ் தென்பட்டது. பிறகு பத்து. பிறகு எண்ணி மாளாத அளவுக்கு. ஒவ்வொன்றும் பெரிய சாத்துக்குடி அளவு. பாறை இடுக்குகளில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் மடித்து உடலைப் போர்த்தியபடி, ஒன்றையொன்று உரசுகிற நெருக்கத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றித் தண்ணீர் மட்டும் நெளிந்து நெளிந்து தெரிந்தது. வெதுவெதுப்பான நீர் குளிர்ந்த நீரில் கலக்கும் இடத்தில்தான் வெளிச்சம் அப்படி வளையும். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் இந்தப் பிராணி பொதுவாகத் தனித்து வாழ்வது. கூட்டம் சேர்வது அபூர்வம்.

வீடியோ உலகம் சுற்றியது. 'ஆக்டோபஸ் தோட்டம்' என்று பேர் வைத்தார்கள். பத்திரிகைகளுக்கு அது போதும். ஆனால் ஏன் இங்கே, ஏன் இத்தனை, அந்த வெந்நீருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு வீடியோவில் பதில் கிடையாது. பதில் கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. ஆழ்கடல் ரோபோக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் வீடியோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே பாறைக்கு இரண்டாம் முறை, பத்தாம் முறை போவதில்தான் இந்த இயந்திரங்களின் அருமை தெரியும் என்பது என் எண்ணம். அது எவ்வளவு சிரமமான வேலை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இயந்திரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

கடலுக்குள் ரேடியோ அலை போகாது. உப்புநீர் அதைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். சூரிய ஒளியும் 200 மீட்டருக்குக் கீழே ஒன்றுக்கும் உதவாது. தூரம் போகக்கூடியது ஒலி மட்டும்தான். அதுவும் நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில். 3,200 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சேதி மேலே வர இரண்டு நொடிக்கு மேலாகும், அதற்குப் பதில் போய்ச்சேர இன்னொரு இரண்டு நொடி. ஒலி வழியாக நாலு எண்ணை அனுப்பலாம். வீடியோ அனுப்ப முடியாது. அதனால்தான் ஆர்.ஓ.வி. எனப்படும் இவ்வகை ரோபோக்கள் கப்பலோடு கேபிளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. கேபிளுக்குள் செப்புக் கம்பி மின்சாரம் கொண்டுபோகிறது, கண்ணாடி இழை படத்தைக் கொண்டுவருகிறது. மேலே, கப்பலின் இருட்டடித்த அறையில், சுவர் முழுக்கத் திரைகளுக்கு முன்னால் பைலட் கைப்பிடியைத் திருப்பினால், மூன்று கிலோமீட்டர் கீழே ரோபோவின் கை திரும்பும்.

மனிதர்கள் ஏறிப்போகும் நீர்மூழ்கிகள் எட்டு, பத்து மணி நேரத்தில் மேலே வந்தாக வேண்டும். அதில் பாதி, இறங்கவும் ஏறவுமே போய்விடும். ரோபோவுக்கு மூச்சு வேண்டாம், தூக்கம் வேண்டாம். மேலே இருப்பவர்கள் முறை மாற்றிக்கொண்டால் போதும், அது நாள்கணக்கில் கீழேயே கிடக்கும்.

ஆனால் கேபிள் இருந்தால் அதற்குரிய தொல்லையும் இருக்கும். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போதெல்லாம் கேபிளின் மறுமுனையும் வெட்டி வெட்டி இழுபடும். நாட்டிலஸ் குழு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. முரட்டுக் கேபிள் முதலில் 'ஆர்கஸ்' என்ற கனமான சட்டகத்தில் போய் முடியும். அங்கிருந்து ஒரு மெல்லிய கேபிளில் ஹெர்குலிஸ். குலுக்கலை ஆர்கஸ் வாங்கிக்கொள்ளும், ஹெர்குலிஸ் ஆடாமல் வேலை பார்க்கும். எல்லாக் கேபிள்களும் இப்படி நல்லபடியாக நடந்துகொள்வதில்லை. 1995-இல் உலகின் மிக ஆழமான சேலஞ்சர் பள்ளத்தையே தொட்டு வந்த ஜப்பானின் 'கைகோ' ரோபோ, 2003 மே மாதம் புயல் நெருங்கிய ஒரு வேளையில் கேபிள் அறுந்து பசிபிக்கில் தொலைந்தே போனது.

அழுத்தம் அடுத்த பிரச்சினை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கில், ஆக்டோபஸ் தோட்டத்தில் அது மேலே நாம் உணர்வதைப்போல 320 மடங்கு. மின்னணுப் பாகங்களைத் தடித்த டைட்டானியக் குடுவைகளுக்குள் அடைப்பார்கள்; மோட்டார்களில் எண்ணெய் நிரப்பிவிடுவார்கள், எண்ணெயை அழுத்திச் சுருக்குவது கடினம் என்பதால். ரோபோவின் தலையில் மஞ்சள் பெட்டியாகத் தெரிவது மிதவை. சாதாரண நுரையாக இருந்தால் நசுங்கிப்போகும். எனவே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் கோளங்களைப் பிசினில் குழைத்து வார்த்தெடுத்த நுரை.

இந்த மிதவையில் நான் ரசிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ரோபோ தானாக மூழ்காமல், மிக லேசாக மேலே மிதக்கும்படிதான் எடை பார்த்துக் கட்டுவார்கள். கீழே நிற்க வேண்டுமானால் விசிறி தண்ணீரை மேல்நோக்கித் தள்ள வேண்டும். மாறாக ரோபோ கனமாக இருந்தால், அதைத் தாங்கிப்பிடிக்க விசிறி கீழ்நோக்கித் தள்ளும்; தரையின் வண்டல் கிளம்பி, அரைமணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் எப்போதும் தெரியும் இரண்டு சிறு ஒளிப்புள்ளிகளையும் சொல்ல வேண்டும். இணையாகப் பாயும் இரண்டு லேசர்களின் புள்ளிகள் அவை. அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறாது. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் எதுவுமே இல்லாத இடத்தில், ஓர் ஆக்டோபஸ் எவ்வளவு பெரிது என்று சொல்ல அவைதான் எளிய வழி.

சரி, கண்டுபிடித்தாயிற்று. மறுபடியும் அதே ஆக்டோபஸிடம் போவது எப்படி?

கப்பல் எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்லும். ரோபோவுக்கு ஜி.பி.எஸ். எட்டாது. கப்பலிலிருந்து ஒலித்துடிப்பு அனுப்பி, ரோபோவின் மறுமொழி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் இடத்தைக் கணிப்பார்கள். ஆழம் கூடக்கூட இந்தக் கணிப்பில் பிழையும் கூடும். வரைபடமும் கைகொடுக்காது. கப்பலின் சோனார் ஒரு டிகிரி அகலமுள்ள ஒலிக்கற்றையை அனுப்பினால், 3,200 மீட்டர் கீழே அது 55 மீட்டருக்கு விரிந்துவிடும். அதாவது முக்கால் ஏக்கர் நிலத்துக்கு ஒரே ஓர் ஆழ அளவு. உலகக் கடல்தரையில் 27 சதவீதம் வரைபடமாகிவிட்டது என்று 2025-இல் அறிவிப்பு வந்ததே, அதன் பெரும்பகுதி இந்தத் தரத்தில் உள்ளதுதான். அந்த வரைபடத்தில் மலை தெரியும். மலையடிவாரத்து ஆக்டோபஸ் எப்படித் தெரியும்?

டேவிட்சனில் அடுத்த பொறுப்பை ஏற்றது மான்டரே விரிகுடாவின் ஆய்வு நிறுவனமான எம்பாரி. ஹ்யூலெட் பேக்கார்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் பேக்கார்ட் 1987-இல் அமைத்தது அது. கப்பலும் ரோபோவும் சொந்தம். வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு. ஒரு பயணத்துக்கு நாலைந்து ஆண்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறவர்கள் பொறாமைப்படக்கூடிய வசதி. அவர்களின் ரோபோவுக்குப் பேர் 'டாக் ரிக்கெட்ஸ்'. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நண்பரான கடல் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸின் நினைவாக வைத்தது.

தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்திலேயே ரோபோவை மெல்ல ஓட்டிக்கொண்டு, லைடார், சோனார், இரட்டைக் கேமரா மூன்றையும் ஒருசேர இயக்கி, சென்டிமீட்டர் துல்லியத்தில் அந்த இடத்தை வரைந்தார்கள். மையத்தின் 2.5 ஹெக்டேரில், நம் கணக்கில் ஆறு ஏக்கரில், 6,000-க்குச் சற்றுக் குறைவான ஆக்டோபஸ்கள் எண்ணப்பட்டன. முழுத் தோட்டத்திலும் 20,000-க்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மூன்றாண்டுகளில் டாக் ரிக்கெட்ஸ் 14 முறை இறங்கியது. ஒவ்வொரு தாயையும் அடையாளம் கண்டது தோலிலுள்ள தழும்புகளை வைத்து. 2022 மார்ச்சில், ரோபோவின் விளக்கும் இரைச்சலும் இல்லாமல் பார்ப்பதற்காக, தானாகப் படமெடுக்கும் ஒரு கேமராவையும் வெப்பம், ஆக்சிஜன் அளக்கும் கருவிகளையும் அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு படம். ஆகஸ்டில் எடுத்தபோது 12,000-க்கு மேல் படங்கள் சேர்ந்திருந்தன.

அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது குளிர். முத்து ஆக்டோபஸ் என்று அழைக்கப்படும் இந்த இனம் வாழும் ஆழத்தில் நீரின் வெப்பநிலை 1.6 டிகிரி செல்சியஸ். குளிர் கூடினால் முட்டைக்குள் கரு வளரும் வேகம் குறையும். இதற்கு எம்பாரியிடமே ஒரு பழைய சான்று இருந்தது. 2007-இல் மான்டரே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், வேறோர் இனத்துப் பெண் ஆக்டோபஸ் ஒரு பாறையை நோக்கி ஊர்ந்து போவதைப் பார்த்தார்கள். 38 நாள் கழித்துப் போனபோது அது அதே பாறையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. தழும்பை வைத்து அதே தாய்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். அடுத்த நாலரை ஆண்டுகளில் 18 முறை போனார்கள். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருந்தது. தோல் வெளுத்துத் தொய்ந்தது, கண் மங்கியது. ரோபோவின் கையால் நண்டுத் துண்டை நீட்டிப் பார்த்தார்கள், தொடவில்லை. 2011 அக்டோபரில் போனபோது பாறையில் வெற்று முட்டைக்கூடுகள்தான் இருந்தன. 53 மாதங்கள் அடைகாத்திருக்கிறது. உயிரினங்களில் இதைவிட நீண்ட அடைகாப்பு எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

அங்கே வெப்பம் 3 டிகிரி. 1.6 டிகிரியில் இருக்கும் முத்து ஆக்டோபஸுக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்கூட ஆக வேண்டும் என்பது கணக்கு. தழும்புத் தாய்களைத் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த விடை வேறு: சுமார் 1.8 ஆண்டு, அதாவது 21 மாதம்.

காரணம் அந்த நெளியும் தண்ணீர். டேவிட்சன் அணைந்துவிட்டாலும் அதன் பாறைக்குள் மிச்சச் சூடு இருக்கிறது. கடல்நீர் விரிசல்களில் புகுந்து, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, அடிவாரத்து இடுக்குகளில் கசிகிறது. கூடுகளில் நீர் சராசரியாக 5 டிகிரி, சில இடுக்குகளில் 11 வரை. தாய்கள் உட்கார்ந்திருந்ததெல்லாம் அந்தக் கசிவின் மேல்தான். அடைகாக்கும் காலம் குறைந்தால், முட்டையை வேறொன்று தின்றுவிடுவதற்கான வாய்ப்பும் குறைகிறது. குஞ்சு வெளியேறியதும் தாய் சாகிறது. இத்தனை ஆயிரம் தாய்கள் சாகிற இடத்தில், அந்த உடல்களை உண்டு இறால்களும் கடற்சாமந்திகளும் ஒரு கூட்டமாகப் பிழைக்கின்றன. ஜிம் பாரி தலைமையிலான குழு இதையெல்லாம் 2023 ஆகஸ்டில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்டது.

ஓரிரு முறை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆக்டோபஸிலேயே உதாரணம் இருக்கிறது. கோஸ்டா ரிக்கா கடலில், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், டொராடோ என்ற பாறைமேடு. பாறைக்குள் நீர் ஓடுவதை ஆராய 2013, 2014-இல் போனவர்கள் அங்கேயும் வெந்நீர்க் கசிவில் ஆக்டோபஸ்கள் அடைகாப்பதைப் படமெடுத்தார்கள். படங்களில் தெரிந்த முட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றிலும் கரு தென்படவில்லை. நீர் அதிகச் சூடு, ஆக்சிஜன் குறைவு, எனவே இந்த முட்டைகள் பிழைக்காது, இது வழிதவறி வந்து சாகும் கூட்டம் என்று 2018-இல் கட்டுரை வந்தது. கையில் இருந்த ஆதாரத்துக்கு அது நியாயமான முடிவுதான். 2023 ஜூனில் 'ஃபால்கர் (டூ)' கப்பலின் 'சுபாஸ்டியன்' ரோபோ அதே மேட்டுக்குப் போனபோது, கேமராவுக்கு முன்னாலேயே குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்தன.

கடல்தரையில் கண்ணால் பார்த்த இடம் எவ்வளவு என்று 2025 மே மாதம் ஒரு கணக்கு வந்தது. கேத்தரின் பெல் குழுவினர் 1958 முதல் நடந்த சுமார் 44,000 ஆழ்கடல் மூழ்கல்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். 200 மீட்டருக்குக் கீழுள்ள தரையில் மனிதன் நேரிலோ கேமரா வழியாகவோ பார்த்தது ஏறத்தாழ 0.001 சதவீதம். தாராளமாகக் கணக்கிட்டாலும் 3,800 சதுர கிலோமீட்டர் அளவுதான். நம் கடலூர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த மூழ்கல்களில் 97 சதவீதத்தை நடத்தியவை அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகள். பெரும்பகுதி அவரவர் கரைக்குப் பக்கத்திலேயே. இந்தியப் பெருங்கடல் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆனாலும் இந்தியப் பெருங்கடலில் பார்த்த கொஞ்சமே வியப்பானது. ரோட்ரிகஸ் தீவுக்குத் தென்கிழக்கே, அந்தக் கடலடியின் மத்திய மலைத்தொடரில், 2000 ஆகஸ்டில் ஒரு வெந்நீர் ஊற்றுத் திடல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டது முன்னே சொன்ன அதே கைகோ. ஊற்றுக்கு அதன் தாய்க்கப்பலின் பேரை, 'கைரெய்' என்று, வைத்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே கிடைத்த நத்தையின் பாதத்தில் செதில்கள் இருந்தன; செதில்களின் மேல் இரும்பு சல்ஃபைடுப் பூச்சு. உடலில் இரும்பால் கவசம் செய்துகொள்ளும் வேறு பிராணி தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலின் ஊற்றுகளில் மட்டும்தான் அது வாழ்கிறது. ஆழ்கடல் சுரங்கத்தின் ஆபத்தைக் காட்டி அழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் உயிரினமும் அதுதான், 2019-இல். அப்போது அறியப்பட்டிருந்த மூன்று வாழிடங்களில் இரண்டு, கனிம ஆய்வு ஒப்பந்தப் பகுதிக்குள் இருந்தன.

நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் கதைக்குள் வருகிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் என்.ஐ.ஓ.டி. எனப்படும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 'ரோசப் 6000' என்ற கேபிள் ரோபோவை 2010-இல் 5,289 மீட்டர் ஆழம் வரை இறக்கிப் பார்த்தது. அதனிடம் 'ஓஎம்இ 6000' என்ற ஏ.யூ.வி.யும் இருக்கிறது. ஏ.யூ.வி.க்குக் கேபிள் கிடையாது. முன்கூட்டியே போட்டுக்கொடுத்த பாதையில் தானே நீந்திப்போய், படமும் அளவும் எடுத்துக்கொண்டு மேலே வரும். வந்த பிறகுதான் என்ன பார்த்தது என்று தெரியும். அதைக்கொண்டு 2024 டிசம்பரில் மத்திய மலைத்தொடரின் தென்பகுதியில், 4,500 மீட்டர் ஆழத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றை என்.ஐ.ஓ.டி.யும் கோவாவின் துருவ, கடல் ஆய்வு மையமும் படமெடுத்தன. இந்தியக் குழு ஒன்று அப்படிப் படமெடுத்தது அதுவே முதல் முறை.

போனது உயிரினம் தேடி மட்டுமல்ல. செம்பு, துத்தநாகம், தங்கம் கலந்த சல்ஃபைடு படிவுகளை இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் தேட, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2016-இல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் மாங்கனீசு முடிச்சுகளுக்காக 75,000 சதுர கிலோமீட்டர் தனி. 2021-இல் என்.ஐ.ஓ.டி.யின் 'வராஹா' சுரங்க வண்டி அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது.

அத்தகைய வண்டி தரையில் விடும் தடம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் பெரு நாட்டுக் கடலில் ஒரு பதில் உண்டு. 1989-இல் ஜெர்மன் குழு ஒன்று அங்கே முடிச்சுகள் கிடக்கும் தரையைச் சோதனைக்காக உழுது வைத்தது. 2015-இல் ரோபோக்களோடு திரும்பிப் போனபோது உழுத கோடுகள் அப்படியே இருந்தன. உயிரினங்கள் பழையபடி திரும்பியிருக்கவில்லை. மத்திய இந்தியப் படுகையிலும் 1997-இல் கோவா விஞ்ஞானிகள் இதுபோல் ஒரு சோதனை நடத்தி, பின்னர் சில முறை போய்ப் பார்த்தார்கள். அந்தப் பயணங்கள் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பணம் கண்காணிப்புக்குக் கிடைப்பதில்லை. இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல.

2024-இல் படமெடுத்த ஊற்றில் அந்த இரும்புச் செதில் நத்தை இருக்கிறதா? மேலே நீந்திக் கடந்த ஏ.யூ.வி.யால் நத்தையைத் தொட்டெடுக்க முடியாது. கையுள்ள ரோபோ இறங்க வேண்டும், அல்லது மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகவென்று என்.ஐ.ஓ.டி. கட்டிவரும் 'மத்ஸ்யா 6000' போக வேண்டும். இருந்தாலும் ஒரு தரம் போனால் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரியும். குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன, ஊற்று அணைந்தால் எங்கே போகின்றன என்பதற்கெல்லாம் கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டும். சல்ஃபைடு ஒப்பந்தம் 2031-இல் முடிகிறது. அதற்குள் அந்த ஊற்றுக்கு எத்தனை பயணம் என்பதை என்.ஐ.ஓ.டி.யின் 'சாகர் நிதி' கப்பலின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.